கட்டளையும் மனச்சாட்சியும்: கடலடியில் மோதிய இரு தலைவர்கள்

படம் முடிந்துவிட்டது. தொலைக்காட்சிப் பெட்டியையும் அணைத்தாயிற்று. ஆனால் வீட்டில் வாக்குவாதம் ஓயவில்லை. “கப்டன் சொன்னால் சொன்னதுதான். படையில் கேள்வி கேட்க இடமில்லை” என்கிறார் தகப்பனார். “அப்படியென்றால் கப்டன் பிழை விட்டால் என்ன செய்வது, அப்பா?” என்கிறான் மகன். “இரண்டு பேருமே நல்ல மனிசர் போலத்தானே தெரிகிறார்கள், பிறகேன் இந்தச் சண்டை?” என்று கேட்டபடி தாயார் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போகிறார்.

தாயாரின் கேள்விதான் மற்ற இரண்டையும்விட ஆழமானது. நல்லவனும் கெட்டவனும் மோதினால் அதில் சிந்திக்க அதிகம் இல்லை. நல்லவன் வென்றால் கைதட்டிவிட்டு எழுந்து போகலாம். நல்லவர் இருவர், ஒரே கொடியின் கீழ், ஒரே கப்பலில், ஒரே கடமையை முன்னிட்டு மோதும்போதுதான் பார்ப்பவனின் நெஞ்சும் இரண்டாகப் பிளக்கிறது. அத்தகைய படம் ஒன்றைப் பற்றியும், அது நம்முன் வைக்கும் கேள்வியைப் பற்றியும் இங்கே சற்று நோக்குவோம்.

கொம்பனித்தெருவில் வாழ்ந்தவர்களுக்குப் படமாளிகை புதிதன்று. இலங்கைத் திரைத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரான சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினரின் பெயரைத் தாங்கிய வீதியும், அதிலுள்ள றீகல் படமாளிகையும் இங்குதான். 1965இல் எழுபது மில்லிமீற்றர் அகலத் திரையோடு திறக்கப்பட்ட றியோவும் இங்குதான் எழுந்தது. ‘படம் பார்ப்பதே பாவம்’ என்று எண்ணிய பெரியவர்களும் நம்மிடையே இருந்தார்கள். ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரிலேயே சமூகத் தொடர்பு சாதனங்களைப் பற்றித் தனியொரு ஏடு வெளியிட்டு, அவற்றை அறிவோடு பயன்படுத்தும்படி நம்மைக் கேட்டுக்கொண்டது. எனவே, பார்த்த படத்தை அலசிப் பார்ப்பதும் ஒரு கடமையே.

இருவரும் எப்படிப்பட்டவர்கள்?

நாம் எடுத்துக்கொள்ளும் படம் ‘காஸி’. சங்கல்ப் ரெட்டி இயக்கிய இப்படம் 2017 பெப்ரவரியில் தெலுங்கிலும் இந்தியிலும் வெளிவந்தது, தமிழிலும் மொழிமாற்றப்பட்டது. அவ்வாண்டின் சிறந்த தெலுங்குப் படத்துக்கான இந்திய தேசிய விருதையும் பெற்றது. கதை 1971இல் நடக்கிறது. கிழக்குப் பாகிஸ்தானில் கலவரம். அகதிகள் இலட்சக்கணக்கில் எல்லை தாண்டுகிறார்கள். யுத்தம் இன்னும் அறிவிக்கப்படவில்லை. பாகிஸ்தானின் ‘காஸி’ என்ற நீர்மூழ்கி வங்கக் கடலுக்குள் வருகிறது என்ற ஐயத்தில், ‘எஸ் 21’ என்ற இந்திய நீர்மூழ்கி அதைத் தேடிப் புறப்படுகிறது.

அதன் கப்டன் ரண்விஜய் சிங். இவ்வேடத்தில் கே கே மேனன் நடிக்கிறார். எல்லையில் படைவீரனாயிருந்த மகனைப் பறிகொடுத்தவர். மேலிடத்து உத்தரவு வரும்வரை காத்திருப்பதால் என்ன நேரும் என்பதைத் தன் இரத்தத்தாலேயே அறிந்தவர். எதிரியைக் கண்டால் அடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அவருடைய கோபத்தை அறிந்த மேலிடம், அவர் அவசரப்பட்டு யுத்தத்தை மூட்டிவிடக்கூடாது என்பதற்காக அர்ஜுன் வர்மா என்ற இளம் அதிகாரியைக் கூடவே அனுப்புகிறது. இவர் ரானா தகுபதி. உத்தரவின்றி ஒரு குண்டும் வெடிக்கக்கூடாது என்பது இவர் கட்சி. இருவருக்கும் இடையில் நின்று தவிக்கும் இரண்டாம் நிலை அதிகாரி தேவராஜாக அதுல் குல்கர்ணி வருகிறார்.

இங்கே ஒரு புதுமையைக் கவனியுங்கள். வழமையாகக் கதைகளில் மூத்தவர் சட்டம் பேசுவார். இளையவர் சட்டத்தை மீறத் துடிப்பார். இப்படத்திலோ மூத்தவர்தான் மீறத் துடிக்கிறார். இளையவர் கட்டுப்பாட்டைப் பிடித்து நிற்கிறார். அதுமட்டுமன்று. கதை வளர வளர, ஒருவர் மற்றவரிடமிருந்து கற்றுக்கொள்கிறார். கண்ணிவெடியில் சிக்கிக் கப்பலுக்குள் தண்ணீர் புகும் வேளையில், தன்னோடு முரண்பட்ட இளையவனைக் காப்பாற்றித் தன் உயிரைக் கொடுக்கிறார் கப்டன். அதன்பின் தலைமை ஏற்கும் இளையவன், கப்டனின் துணிவைத் தன்னுள் வாங்கிக்கொண்டே போரிடுகிறான். கருத்தில் மோதியவர்கள் அன்பில் மோதவில்லை. நம் குடும்பங்களிலும் பங்குச் சபைகளிலும் இந்த வேறுபாட்டை எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

படத்தின் விறுவிறுப்புக்குக் காரணம் வெடிகுண்டுகள் அல்ல. நீர்மூழ்கிக்கு யன்னல் கிடையாது. வெளியே என்ன நடக்கிறது என்பதைச் செவியால் மட்டுமே அறிய வேண்டும். ஒரு கரண்டி தவறி விழுந்தாலும் எதிரிக்குக் கேட்டுவிடலாம். எனவே மனிதர்கள் கோபத்தைக்கூடத் தாழ்ந்த குரலில்தான் காட்ட வேண்டியிருக்கிறது. அடைபட்ட இடமும், குறைந்துகொண்டே போகும் காற்றும், முழுமையாக அறியப்படாத ஆபத்தும் சேரும்போது ஒவ்வொருவனின் உட்குணமும் வெளியே வந்துவிடுகிறது.

படம் வேறு, வரலாறு வேறு

உண்மையை மதிப்பவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும். காஸி கற்பனைக் கப்பல் அன்று. அமெரிக்காவில் ‘டியாப்லோ’ என்ற பெயரில் இருந்து, பின்னர் பாகிஸ்தானுக்குக் கொடுக்கப்பட்ட நீர்மூழ்கி அது. 1971 நவம்பர் 14ஆந் திகதி கராச்சியிலிருந்து புறப்பட்டது. பாக்கு நீரிணை ஆழமற்றது. ஆகவே வங்கக் கடலை அடைய நம் தீவைச் சுற்றியே அது போக வேண்டியிருந்தது. நம்மவர்கள் காலிமுகத் திடலில் கடலைப் பார்த்துக் காற்று வாங்கிய நாள்களில், மரணத்தைச் சுமந்த அந்தக் கப்பல் தென்கடலைத் தாண்டியது. விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலைத் தேடிப் போன அது, டிசம்பர் 3ஆந் திகதி நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. தொண்ணூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர், ஒருவரும் தப்பவில்லை.

தனது ‘ராஜ்புத்’ என்ற போர்க்கப்பல் இட்ட குண்டுகளே அதை அழித்தன என்பது இந்தியாவின் கூற்று. தற்செயலான வெடிப்பினால் மூழ்கியது என்பது பாகிஸ்தானின் கூற்று. படத்தில் வரும் நீரடிப் போர் வரலாற்றில் நிகழ்ந்ததாக யாரும் நிறுவவில்லை. எனவே பிள்ளைகளுக்கு இப்படத்தைக் காட்டும்போது, எதிரிக் கப்பலில் இருந்தவர்களும் தாய்மார் பெற்ற பிள்ளைகளே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதிர்க்கப்டனை வெறும் வில்லனாகக் காட்டுவது இப்படத்தின் பெரிய குறை.

பாதியில் அறுந்த செய்தி

இதே வகையில் உலகப் புகழ் பெற்ற படம் 1995இல் வெளிவந்த ‘கிறிம்சன் ரைட்’. ரொனி ஸ்கொற் இயக்கியது. அமெரிக்க அணு நீர்மூழ்கி ஒன்றின் கப்டனாக ஜீன் ஹக்மனும், அவருக்கு அடுத்த அதிகாரியாக டென்சல் வாஷிங்டனும் நடித்தார்கள். ரஷ்யாவில் கலகக்காரர் சிலர் அணு ஏவுகணைத் தளமொன்றைக் கைப்பற்றுகிறார்கள். ஏவுகணைகளை ஏவும்படி அமெரிக்கக் கப்பலுக்கு உத்தரவு வருகிறது. பின்னர் இரண்டாவது செய்தியொன்று வரத் தொடங்கி, பாதியில் அறுந்துவிடுகிறது. முதல் உத்தரவு தெளிவானது, அதன்படி செய்வோம் என்கிறார் கப்டன். இரண்டாவது செய்தி முதலாவதை இரத்துச் செய்வதாக இருக்கலாம், அறியாமல் ஏவக்கூடாது என்கிறார் மற்றவர். கப்பலுக்குள் ஒருவரையொருவர் பதவி நீக்கிச் சிறைவைக்கும் அளவுக்கு மோதல் முற்றுகிறது. இறுதியில் வானொலி திருத்தப்பட்டுச் செய்தி முழுமையாகக் கிடைக்கிறது: ஏவ வேண்டாம் என்பதே அது.

இப்படத்தில் என் மனத்தைத் தொட்டவர் இந்த இருவரும் அல்லர். மூத்த மாலுமி ஒருவர். அவருக்கு இளைய அதிகாரியைப் பிடிக்காது, கப்டனிடமே பற்று. ஆயினும் ஏவுவதற்கு இருவரின் இணக்கமும் வேண்டும் என்பது விதி. கப்டன் அதை மீறியபோது, அந்த மாலுமி தனக்குப் பிடிக்காதவர் பக்கமே நிற்கிறார். பிடித்தவர் பிழை செய்யும்போது அவரைத் தடுப்பதே உண்மையான விசுவாசம் என்பதை அவர் உணர்த்துகிறார்.

இன்னுமொரு காட்சி. கப்பலின் அடித்தளத்தில் தண்ணீர் புகுகிறது. உள்ளே மாலுமிகள் இருக்கவே, கதவை மூடும்படி கட்டளையிடுகிறார் மனச்சாட்சிக்காகப் போராடிய அதே இளைய அதிகாரி. மூடாவிட்டால் கப்பலே போய்விடும். மனச்சாட்சியைப் பின்பற்றுபவன் மென்மையானவன், கடினமான முடிவு எடுக்க மாட்டான் என்று எண்ணுகிறவர்களுக்கு இது பதில்.

கற்பனையல்ல, நடந்தது

‘இதெல்லாம் படக்கதை’ என்று சொல்லிவிடலாமா? 1962 ஒக்ரோபர் 27ஐ நினைத்துப் பாருங்கள். கியூபாவைச் சுற்றி அமெரிக்கக் கப்பல்கள் வளைத்து நின்ற நாள்கள் அவை. சோவியத் நீர்மூழ்கி ‘பி 59’ அங்கே நீருக்குள் சிக்கியிருந்தது. வடகடலின் குளிருக்காகக் கட்டப்பட்ட கப்பல் அது. வெப்பக் கடலில் அதன் உட்புறம் 45 பாகைக்கு மேல் கொதித்தது. மின்கலங்கள் வற்றிக்கொண்டிருந்தன. காற்றில் கரியமிலவாயு ஏறி ஆள்கள் மயங்கி விழுந்தார்கள். மொஸ்கோவுடன் தொடர்பில்லை. மேலே அமெரிக்கக் கப்பல்கள், வெளியே வரும்படி எச்சரிக்கும் சிறு வெடிகளைப் போட்டன. உள்ளிருந்தவர்களுக்கோ அது யுத்தம் தொடங்கிவிட்டதன் ஓசையாகவே கேட்டது. அக்கப்பலில் அணுக்குண்டு பொருத்திய டோப்பிடோ ஒன்று இருந்ததை அமெரிக்கர் அறியார்.

கப்டன் சவிற்ஸ்கி பொறுமையிழந்து, அந்த ஆயுதத்தை ஆயத்தம் செய்யச் சொன்னார் என்று அதே கப்பலில் இருந்த ஓர்லோவ் என்ற அதிகாரி பின்னாளில் சாட்சி சொன்னார். அன்று கப்பலில் இன்னொருவரும் இருந்தார். அந்த நீர்மூழ்கி அணியின் பணித்தலைவர் வசீலி ஆர்கிப்போவ். அவர் கப்டனைச் சாந்தப்படுத்தினார்; கப்பல் மேலே வந்தது; பிறகு வீடு திரும்பியது. சிறு விபரங்களில் சாட்சியங்கள் வேறுபடுகின்றன. ஆயினும் அன்று அவருடைய நிதானம் பேரழிவைத் தடுத்தது என்பதை வரலாற்றாசிரியர் பலர் ஏற்கின்றனர்.

ஆர்கிப்போவுக்கு இந்த நிதானம் எங்கிருந்து வந்தது? அதற்கு முந்திய ஆண்டு, 1961 யூலையில், ‘கே 19’ என்ற அணு நீர்மூழ்கியின் உலை பழுதடைந்தது. அதைத் திருத்தப் புகுந்து, பின்னர் மாண்டுபோன இளைஞர்கள் கதிர்வீச்சினால் துடித்ததை அவர் அக்கப்பலிலிருந்தே கண்டவர். அணு என்பது அவருக்கு வெறும் சொல்லன்று. அவர் கண்ட மனித முகங்கள். 1998இல் அவர் காலமானபோது உலகம் அவரை அறியவில்லை. 2002இல் ஹவானாவில் நடந்த மகாநாட்டின் பின்னரே அவர் பெயர் பரவியது.

இதில் நமக்கு அண்மையான தொடர்பொன்றும் உண்டு. பி 59 எந்த வகைக் கப்பலோ, அதே வகையைத்தான் இந்தியா 1967 முதல் சோவியத் நாட்டிடமிருந்து வாங்கியது. ‘காஸி’ படத்தின் எஸ் 21உம் அந்த வகையே. அதன் உடன்பிறப்பான ‘குர்சுரா’ இன்று விசாகப்பட்டினக் கடற்கரையில் காட்சிச்சாலையாக நிற்கிறது. அதற்குள் புகுந்து பார்த்தால், ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் போகலாம் என்ற அந்த ஒடுக்கத்திலே நிதானம் காப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

அதே வாரம், ஒக்ரோபர் 25ஆந் திகதி, பாப்பரசர் 23ஆம் அருளப்பர் சமாதானத்துக்காக வானொலியில் மன்றாடினார். மறு ஆண்டு ஏப்ரலில் ‘அவனியில் அமைதி’ என்ற சுற்றுமடல் வெளிவந்தது. மேலே பாப்பரசர் மன்றாடியதும், கீழே ஒரு கடற்படை அதிகாரி தன் தோழனின் தோளைத் தொட்டுச் சாந்தப்படுத்தியதும் ஒரே சமாதானத்தின் இரு முனைகள் எனலாம்.

எது மனச்சாட்சி, எது பிடிவாதம்?

இப்போது தகப்பனாரின் கேள்விக்கு வருவோம். கீழ்ப்படிவு புண்ணியம் என்றல்லவா நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தோம்? ஆம், அது புண்ணியமே. ஆனால் புனித தோமா அக்குவினாரும், அதிகாரி தன் அதிகார எல்லைக்குள் கட்டளையிடும்போதே கீழ்ப்படிவு கடமையாகிறது என்றும், இறைவனின் கட்டளைக்கு முரணானதில் யாருக்கும் கீழ்ப்படியக்கூடாது என்றும் கற்பித்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்னும் வெளிப்படையாகப் பேசியது. மக்களினங்களை அழிக்கும் கட்டளைகளுக்குப் பணிந்தவர்களைக் குருட்டுக் கீழ்ப்படிவு மன்னிக்காது. அவற்றை வெளிப்படையாக எதிர்க்கும் துணிவுள்ளோர் புகழுக்குரியவர் என்றது.

ஆனால் மகன் அவசரப்பட்டு மகிழவேண்டாம். ‘என் மனச்சாட்சி’ என்று சொல்லிக்கொண்டு தன் விருப்பத்தை நடத்துகிறவர்கள் பலர். 2019இல் புனிதராக உயர்த்தப்பட்ட கர்தினால் நியூமன், மனச்சாட்சி என்பது தன்னிச்சையன்று என்று நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்தார்.

நம் கொழும்பு கண்ட துயரமொன்று இதற்கு உதாரணம். 1942 மே மாதம், கொக்கோஸ் தீவுகளில் காவலிருந்த இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர், கிறேஷன் பெர்னாண்டோ என்பவரின் தலைமையில் கப்டனுக்கெதிராகக் கிளர்ந்தனர். தீவை யப்பானியரிடம் ஒப்படைப்பது நோக்கம். உடன் வீரனொருவன் கொல்லப்பட்டான், கிளர்ச்சி தோற்றது. மூவர் அவ்வாண்டு ஓகஸ்டில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டனர். குடியேற்ற ஆட்சியின் இன இறுமாப்பை வெறுத்த அவர்களின் மனவேதனையை நாம் உணரலாம். ஆனால் ஆர்கிப்போவ் ஒரு கொலையைத் தடுக்க மறுத்தார். இவர்கள் மறுப்பதற்காகத் தம் தோழன் மீதே துப்பாக்கி நீட்டினார்கள். மறுப்பு இரண்டிலும் உண்டு, இரண்டும் ஒன்றல்ல.

அப்படியானால் வேறுபாட்டை எப்படி அறிவது? பழைய ஒழுக்கவியல் ஆசிரியர்கள் ஓர் உவமை சொல்வார்கள். புதருக்குள் ஏதோ அசைகிறது. மானா, மனிதனா என்று வேடனுக்குத் தெரியவில்லை. ஐயம் தீரும்வரை அவன் அம்பு விடக்கூடாது. மானை இழந்தால் ஒரு வேளை உணவு போகும். மனிதனைக் கொன்றால் திருப்பிக் கொடுக்க முடியாது. திருத்தமுடியாத செயலுக்கு, தீராத ஐயம் போதுமான தடை என்பதே இதன் பொருள்.

நம் சிலப்பதிகாரமும் இதையே காட்டுகிறது. ஆராயாது பாண்டியன் இட்ட ஒரு கட்டளை. அதை ஏந்திச் சென்ற காவலர்கள் கோவலனின் முகத்தைக் கண்டு தயங்குகிறார்கள். இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று அவர்களுக்குள் ஐயம். பொற்கொல்லன் பேசிப்பேசி அந்த ஐயத்தை மழுங்கச் செய்கிறான். இறுதியில் குடிமயக்கத்திலிருந்த ஒருவன் வாளை வீசுகிறான். ஒரு நாழிகை பொறுத்து அரசனிடம் திரும்பிப்போய்க் கேட்க அவர்களில் ஒருவன் துணிந்திருந்தால், மதுரை எரிந்திராது. தயங்கியவர்கள் பலர், தடுத்தவர் ஒருவருமில்லை.

நம் வீட்டு வாசலில்

இது தூரத்துக் கடல்களின் கதை மட்டுமா? 1983 யூலையில் கொழும்பின் வீதிகளில் நெருப்போடு வந்தவர்களை நம்மில் மூத்தவர்கள் மறக்கமாட்டார்கள். அந்த நாள்களில் றியோவும் எரிந்தது. கூட்டத்தோடு போனவர்கள் பலர், ‘எல்லாரும் செய்தார்கள், நானும் செய்தேன்’ என்றிருப்பார்கள். அதே நாள்களில், தம் வீட்டுக் கதவைத் திறந்து தமிழ் அயலவரை ஒளித்துவைத்த சிங்கள, முஸ்லிம் குடும்பங்களும் இருந்தன. கூட்டத்தின் கட்டளைக்குப் பணிய மறுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு யாரும் பதக்கம் அணிவிக்கவில்லை. அவர்களால் உயிர் தப்பியவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள்.

மறுபுறம், பேசவேண்டியபோது பேசாமையும் பாவமாகலாம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயத்தில் நம்மவர் சிந்திய இரத்தம் இன்னும் நம் கண்முன் நிற்கிறது. எச்சரிக்கைச் செய்தி அம்மாதத் தொடக்கத்திலேயே வந்திருந்தது. அது மேசைகளிடையே நகர்ந்ததேயன்றி, மக்களைக் காக்கும் செயலாகவில்லை. உரிய பதவியிலிருந்தோர் கடமை தவறினர் என்று உயர் நீதிமன்றம் 2023 சனவரியில் தீர்ப்பளித்தது. படத்தில் செய்தி பாதியில் அறுந்தது. இங்கே செய்தி முழுதாகவே வந்தது. அதை உரத்துச் சொல்ல, ‘ஐயா, இது பொறுக்காது’ என்று மேலதிகாரியின் கதவைத் தட்டத் துணிந்தவரே இல்லாமற் போயினர். தன்னை இடித்துரைப்பார் இல்லாத அரசன், கெடுப்பார் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் சொன்னது பழங்கதையா?

ஆகவே அந்தத் தகப்பனாருக்கும் மகனுக்கும் ஒரு சொல். ஒரு கட்டளையை மறுக்குமுன் நான்கு கேள்விகளை நெஞ்சில் கேளுங்கள். இது திருத்தமுடியாத தீங்கைச் செய்யுமா? நான் அறியாதது இன்னும் ஏதும் உண்டா? விதி எனக்குத் தந்துள்ள நேர்வழிகளை எல்லாம் முயன்றேனா? மறுப்பதன் விலையை நானே செலுத்த ஆயத்தமா, அல்லது மற்றவன் தலையில் சுமத்தப் பார்க்கிறேனா? நான்காவது கேள்விக்கு ‘நானே’ என்று சொல்லக்கூடியவனின் மறுப்பை நம்பலாம்.

கட்டளையிடுகிறவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. வீட்டிலே தகப்பன், பாடசாலையிலே அதிபர், காரியாலயத்திலே முகாமையாளர், பங்கிலே பொறுப்பாளர் என்று நாம் எல்லாருமே எங்கோ ஓரிடத்தில் கப்டன்தான். ‘நான் சொன்னதைச் செய்’ என்பது எளிது. ‘நான் பிழைவிட்டால் நீ சொல்லு’ என்று ஒரு பிள்ளையிடம் சொல்வதற்கே துணிவு வேண்டும். அப்படிச் சொல்லி வளர்த்த பிள்ளைதான், நாளை எங்கோ ஓர் இருண்ட, காற்றில்லாத அறையில், எல்லோரும் ஒரு பக்கம் சாயும்போது, கோபமில்லாமல், குரல் உயர்த்தாமல், ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்லும்.

அடுத்த முறை இப்படியொரு படத்தைக் குடும்பமாகப் பார்த்தால், முடிந்தவுடன் பெட்டியை அணைத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். பிள்ளைகளைப் பேச விடுங்கள். தாயாரும் குசினியிலிருந்து வந்து அமரட்டும். முதலில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தானே!